ஏழாவது மேசன்

குரல் அதே இடத்தில் நின்றது.

பாவாடையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு மரத்தொட்டிக்குள் போர்வையை மிதித்துக்கொண்டிருந்த எஃபியின் கால்களும் நின்றன. ஆற்றின் மேல் பனி படிந்திருந்தது. படகு கண்ணுக்குத் தெரியவில்லை. துடுப்பிலிருந்து நீர் சொட்டுவதுகூடக் கேட்டது.

"முதலாவது," என்றது குரல்.

பிறகு ஒன்றுமில்லை. ஒரு நீர்க்கோழி கத்தியது.

"முதலாவது..."

இந்த முறை குரலில் கெஞ்சல் இருந்தது. அதன் பிறகு தொண்டையைச் செருமும் சத்தம். துடுப்பு தண்ணீரில் அறைந்து விழுந்தது. படகு அக்கரைக்குப் போய்விட்டது.

ஒன்பது நாளாக இப்படி. இருபத்தெட்டு வருஷம் தட்டுத் தடங்கல் இல்லாமல் ஓடிய வாய், ஒன்பது நாளாக ஒரே சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அடுத்து வரவேண்டியது என்ன என்று எஃபிக்குத் தெரியும். மூன்று கருவிகள். முதலாவது, முளையில் சுற்றிய கயிறு. அதற்குப் பிறகு பென்சில். அதற்குப் பிறகு கவராயம். ஒவ்வொன்றையும் பற்றி ஒரு நீண்ட பேச்சு. அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். கரையிலிருந்து ஒரு கத்துக் கத்தி எடுத்துக் கொடுத்திருக்கலாம். அவனுக்குக் காது கேட்காது என்பது ஒரு தடை. ஆனால் பெரிய தடை அதுவல்ல. அந்தச் சொற்களைக் கேட்கும் உரிமை அவளுக்கு இல்லை.

எஃபி மறுபடியும் போர்வையை மிதிக்கத் தொடங்கினாள். நுரை பழுப்பாகப் பொங்கியது.

போர்ட்டாரிக் துறையின் படகுக்காரன் நினியன் லோகிக்கும் அவளுக்கும் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகிறது. அவள் ஆற்றுக்கு மேலே ஒரு பண்ணையில் மாட்டுக்காரனின் மகளாகப் பிறந்தவள். பதினாறு வயதில் ஹெர்ரிங் மீன் கிழிக்கும் பெண்களோடு சேர்ந்து தெற்கே யார்மத்வரை போனாள். பருவத்துக்குப் போகும்போதும் வரும்போதும் இந்தத் துறையில்தான் ஆறு கடந்தாக வேண்டும். முதல் வருஷம் படகுக்காரன் அவளிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரண்டாவது வருஷம், கத்தியால் அறுபட்டுத் துணி சுற்றியிருந்த அவள் விரல்களைப் பார்த்துவிட்டு, உப்பு ஏறினால் எரியுமே என்றான். மூன்றாவது வருஷம் அவளுடைய தகரப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பண்ணைவரை மூன்று மைல் நடந்து வந்தான். துறையில் ஆட்கள் காத்திருந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அவன் வேலையை விட்டு நகர்ந்தது அந்த ஒரு நாள்தான். ஒரு மகள் டண்டியில் சணல் ஆலையில் இருக்கிறாள். ஒரு மகன் கனடாவில். வீட்டில் இப்போது இரண்டு பேரும் ஒரு பூனையும்.

அவன் படகுக்காரன் ஆவதற்கு முன்பு கப்பலில் இருந்தான். லீத் துறைமுகத்தில், கயிறு திரிக்கும் ஒருவனின் கிட்டங்கிக்கு மேலே கூடிய சபையில், இருபத்தொரு வயதில் மேசனாக, கொத்தனார் கருவிகளை அடையாளமாக வைத்து ரகசியச் சடங்கு நடத்தும் சகோதரச் சங்கத்தில் ஒருவனாக, ஆக்கப்பட்டான். அதைக் கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் சொல்லியிருந்தான். சொல்லக்கூடியது அவ்வளவுதான் என்றும் சொல்லியிருந்தான். அதற்கான சான்றிதழை ஒரு பித்தளைக் குழாயில் போட்டுப் பெட்டியில் வைத்திருந்தானாம். கப்பல் ஓர்க்னிக்கு அருகே பாறையில் மோதியது. பெட்டி கடலுக்குப் போனது. போட்டிருந்த கால்சட்டையோடு அவன் வீடு வந்து அப்பாவின் துடுப்பைப் பிடித்தான். மேசன் சபை என்று எதுவும் பதினான்கு மைலுக்குள் இல்லை. போர்ட்டாரிக் படகை விட்டு ஒரு பொழுதுகூட அகல முடியாது.

சபையில் கற்ற சடங்குச் சொற்கள் எழுதி வைக்கக்கூடாதவை. சொல்லிச் சொல்லித்தான் காப்பாற்ற வேண்டும். அதனால் தினமும் விடியற்காலையில், அக்கரைத் தபால் பையை எடுத்துவர பயணிகள் இல்லாத படகில் போகும்போது, நடு ஆற்றில் அவன் எல்லாவற்றையும் ஒருமுறை ஓதிவிடுவான். சுற்றிலும் தண்ணீர், ஒரு காக்கைக்கும் கேட்காது என்பது அவன் கணக்கு. ஆற்றிலேயே பிறந்து வளர்ந்தவன் இந்தத் தப்பைச் செய்தான். காற்றில்லாத காலையில், கடல் ஓதம் ஏறி ஆறு அசையாமல் நிற்கும்போது, நடு ஆற்றில் போட்ட ஊசி கரையில் கேட்கும். கரையில் நிற்பவளுக்குத்தான் அது தெரியும். படகில் இருப்பவனுக்குத் தெரியாது.

முதல் வருஷங்களில் அது ஒரு முணுமுணுப்புதான். ஏதோ வேதாகமச் சங்கீதம் சொல்லிக்கொண்டு போகிறான் என்று இருந்துவிட்டாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் அவன் காது மங்கத் தொடங்கியது. காது மங்க மங்கக் குரல் ஏறியது. ஒருநாள் சொற்கள் தெளிவாகவே வந்துவிட்டன. எஃபிக்கு முதலில் சிரிப்பு வந்தது. வளர்ந்த ஆம்பிளைகள், சுத்தியலையும் குண்டுநூலையும் வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய பேச்சா என்று. சொல்லிக் கேலி செய்யலாம் என்று வாசலில் காத்திருந்தாள். ஆனால் அன்றைக்குக் காலையில் அவன் சத்தியப்பிரமாணத்தையும் ஓதினான். இந்த ரகசியம் தன்னால் வெளியே போனால் தன் தொண்டைக்கும் நாக்குக்கும் என்னவெல்லாம் ஆகட்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அதைச் சொன்ன வாயோடு வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து, ஓட்ஸ் கஞ்சி குடித்தான்.

அவள் எதுவும் சொல்லவில்லை. மற்ற மேசன்கள் அந்தச் சத்தியத்தை எப்படி எடுத்துக்கொள்வார்களோ அவளுக்குத் தெரியாது. நினியனைத் தெரியும். நாளைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறேன் என்று ஒரு கன்றுக்குட்டி விஷயத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு, மறுநாள் புயலில் அந்தக் கன்றோடு நான்கு மணி நேரம் ஆற்றில் போராடியவன். பெண்டாட்டி காதில் எல்லாம் விழுந்துவிட்டது என்று தெரிந்தால் அவன் செத்துப்போக மாட்டான். ஆனால் அதற்குப் பிறகு தன்னை ஒரு நாணயமான ஆளாக நினைத்துக்கொள்ளவும் மாட்டான்.

எல்லாம் ஜனவரியில் ஆரம்பித்தது. கருங்கல் வெட்டும் கில்பர்ட் டஃப், ஊரில் பாதி வீடுகளைக் கட்டியவர், படகில் ஏறி உட்கார்ந்து நினியனுக்குக் கை கொடுத்திருக்கிறார். கொடுத்த கைக்கு, மேசன்கள் ஒருவரையொருவர் அடையாளம் காணும் ரகசியப் பிடியாகப் பதில் வந்திருக்கிறது. டஃப் அக்கரை போய்ச் சேரும்வரை வாயைத் திறக்கவில்லையாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்த நினியன் வெந்நீர் கேட்டான். சவரம் செய்துகொண்டான். அன்று செவ்வாய்க்கிழமை. சனிக்கிழமை மாலையைத் தவிர அவன் முகத்தில் கத்தி பட்டு அவள் பார்த்ததில்லை.

போர்ட்டாரிக்குக்கென்று ஒரு சபை வேண்டும் என்று டஃப் அலைந்துகொண்டிருந்தார். எடின்பரோவிலிருந்து சாசனம் வரவேண்டுமானால் தேர்ந்த மேசன்கள் ஏழு பேர் மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். பள்ளி ஆசிரியர், டாக்டர், குவாரி மேஸ்திரிகள் மூன்று பேர், டஃப் என்று ஆறு பேர் இருந்தார்கள். ஏழாவது ஆளைத் தேடிப் பதினான்கு மைல் போனவருக்கு, தினமும் தன்னை ஆறு கடத்திவிடும் ஆள் கிடைத்தான்.

ஆனால் அந்த ஆளிடம் காகிதம் இல்லை. லீத் சபை எப்போதோ மூடிப்போயிருந்தது, அதன் பதிவேடுகள் எரிந்துபோயிருந்தன. ஆகவே மாவட்டத் தலைநகர் சபையிலிருந்து இரண்டு பெரியவர்கள் வந்து அவனை வாய்வழியாகச் சோதித்துப் பார்ப்பார்கள் என்று முடிவானது. ஏப்ரல் இரண்டாவது வியாழன். நாள் குறித்த மறுநாள் காலை அவன் குரல் முதல்முறையாக நின்றது.

பயம்தான் என்று எஃபிக்குப் புரிந்தது. இந்த நான்கு வருஷத்தில் ஊர் அவனோடு பேசுவதைக் குறைத்துவிட்டது. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கத்த யாருக்குப் பொறுமை இருக்கிறது? படகில் ஏறுகிறார்கள், தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள், இறங்கிப் போகிறார்கள். அவன் எல்லோரையும் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் தனியாகத் திரும்புகிறான். மேசன் சபையில் அவனுக்கென்று ஓர் இடம் இருக்கும். அங்கே சொல்லப்போவதெல்லாம் அவன் ஏற்கெனவே அறிந்தது. காதே தேவையில்லை.

அன்றைக்குத் திங்கட்கிழமை. இன்னும் மூன்று நாள் இருந்தது.

மதியம் அவள் கொட்டகையிலிருந்து ஒரு முளையையும் அதில் சுற்றியிருந்த வலைக்கயிற்றையும் எடுத்துவந்து கோஸ் பாத்தியின் தலைப்பில் போட்டாள். பிறகு அவனுடைய வலது காதருகே போய், நாற்று நட ஒரு கை கொடுக்கச் சொன்னாள்.

அவன் கயிற்றைப் பார்த்தான். "இது எதுக்கு? நீ கண்ணளவுலதானே நடுவ?"

"போன வருஷம் வரிசை கோணிப்போச்சு. பாக்குறவங்க சிரிக்கிறாங்க."

"யாரு சிரிச்சது?"

"பெல்லா."

"அவ மழை பேஞ்சாலும் சிரிப்பா," என்றான் நினியன். ஆனாலும் முளையை எடுத்தான். அதை மண்ணில் நட்டு, குதிகாலால் அடித்து இறுக்கினான். கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தான். கயிறு முளையில் சுற்று விட்டுக்கொண்டே நீண்டது. பாதி தூரத்தில் அவன் நின்றுவிட்டான்.

எஃபி குனிந்து நாற்றுக்கட்டைப் பிரித்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு நாற்றின் வேரிலிருந்து மண்ணைத் தட்டினாள். இன்னொன்றையும் தட்டினாள். கடைசியில் பொறுக்க முடியாமல் கண்ணை மட்டும் தூக்கினாள். அவன் கையிலிருந்த கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். உதடு அசைந்ததுபோல இருந்தது. தாடைதானோ என்னவோ. புகையிலை மெல்லும் ஆள்.

"நேரா இருக்கா பாரு," என்றான்.

"நூல் புடிச்ச மாதிரி இருக்கு," என்று அவள் கத்தினாள்.

அவ்வளவுதான். மாலைவரை நட்டார்கள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கேட்கக்கூடிய விஷயமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை வடக்கிலிருந்து காற்று வீசியது. படகின் பக்கமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. புதனும் அப்படியே. கயிறு அவனுக்கு ஞாபகம் வந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவே இல்லை. இரண்டு நாளும் கஞ்சிக்கு உப்புப் போட மறந்தாள். அவன் கேட்காமல் குடித்தான்.

வியாழக்கிழமை காற்று அடங்கிவிட்டது. ஆறு தகரத்தகடுபோலக் கிடந்தது. பத்து மணிக்கு எஃபி சிப்பி உடைக்கும் இடத்துக்குப் போனாள். மீனவர் வீட்டுப் பெண்கள் ஏழு பேர் கவிழ்த்த பெட்டிகளில் வரிசையாக உட்கார்ந்து, தூண்டில் இரைக்குச் சிப்பிச் சதையை வழித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தியான பெல்லா ரெய்டுக்குத் துணையாக வேலை நாட்களில் எஃபியும் உட்காருவாள். கை விறைத்துப்போயிருந்தால் யாரும் பேசமாட்டார்கள். ஓடுகள் வாளியில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

சோதனை விடுதியின் மாடியறையில் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் பெண்கள் தலை தூக்கினார்கள். துறையில் நான்கு பேர் இறங்கிவந்தார்கள். உயரத் தொப்பி வைத்த இரண்டு அந்நியர்கள், கில்பர்ட் டஃப், ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்ட நினியன். நான்கு பேரும் படகில் ஏறினார்கள்.

மாடியில் நடந்ததைப் பிறகு டஃப் சொன்னார். சோதனையின் முதல் கேள்வியைக் காதோடு காதாகத்தான் கேட்க வேண்டும். பெரியவர் கேட்டார். நினியன், என்ன என்றான். மறுபடி கேட்டார். என்ன என்றான். மூன்றாவது தடவை கேள்வி புரிந்து அவன் சொன்ன பதிலில், கீழே அடுப்படியில் விடுதிக்காரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். இந்த ஊரில் ஒரு மனுஷன் கத்தினால் யாருக்கும் கேட்காத இடம் ஒன்று உண்டா என்று பெரியவர் கேட்டிருக்கிறார். உண்டு, நான் கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறான் நினியன்.

படகு நடு ஆற்றுக்குப் போனது. அவன் துடுப்புகளை உள்ளே இழுத்துப் போட்டான். ஓதம் ஏறி நின்றுகொண்டிருந்தது. படகு இருந்த இடத்தில் அப்படியே நின்றது.

எஃபி கத்தியைக் கீழே வைத்தாள்.

பெரியவரின் குரல் பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கரைக்கு வந்தது. நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று ஆரம்பித்தது. பெல்லா ரெய்டு கத்தியை நிறுத்தினாள்.

எஃபி எழுந்து நின்றாள். என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. வாயில் முதலில் வந்ததைச் சொன்னாள்.

"பெல்லா ரெய்டு, என் ரொட்டிக்கல்லை உடைச்சுட்டு ஒண்ணுந் தெரியாதவ மாதிரி திருப்பிக் கொண்டுவந்து வச்சியே, ஞாபகம் இருக்காடி உனக்கு?"

பெல்லா நிமிர்ந்து பார்த்தாள். ஆறடி உயரம், அதற்கேற்ற தோள். "என்னது?"

"ரொட்டிக்கல்லு. பதினோரு வருஷம் ஆச்சு. பதினோரு வருஷமா ஓட்டை வழியா மாவு ஒழுகுது. ஒரு வார்த்தை கேட்டிருப்பேனா?"

பெல்லா ஆற்றைப் பார்த்தாள். எஃபியைப் பார்த்தாள். மடியிலிருந்த ஓடுகளைத் தட்டிவிட்டு மெதுவாக எழுந்தாள். அவள் எழுந்ததும் கரையில் வெளிச்சம் குறைந்த மாதிரி இருந்தது.

"ஓட்டைக் கல்லை எனக்குக் குடுத்துட்டு என்னையே உடைச்சேங்கிறியா? உங்க வீட்டுல எந்தச் சாமானுக்குடி அடி இருக்கு? உன் புருஷன் படகுக்கே அடி இருக்கோ இல்லையோ."

பிறகு ஒரு கால்மணி நேரம் போர்ட்டாரிக் கரையில் நடந்தது ஊரில் இன்றைக்கும் பேசப்படுகிறது. ரொட்டிக்கல்லிலிருந்து கோழிக்குப் போனார்கள், கோழியிலிருந்து கல்யாணத்துக்கு, கல்யாணத்திலிருந்து பெற்றவர்களுக்கு. மற்ற பெண்களும் எழுந்தார்கள். யார் யார் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒருத்தி காலி வாளியைக் கல்லில் அடித்தாள். கடற்காக்கைகள் கூட்டமாகக் கிளம்பித் தலைக்கு மேல் கத்தின.

எஃபி ஆயுளில் இப்படிக் கத்தியதில்லை. ஒரு பக்கம் கத்திக்கொண்டே இன்னொரு பக்கம் காதைத் தீட்டிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்றுதான் இந்தக் கூத்து. ஆனால் அந்த 'முதலாவது' வந்துவிட்டதா, தாண்டிவிட்டானா, அங்கேயே நிற்கிறானா? நான்கு வருஷம் கேட்கக்கூடாததையெல்லாம் கேட்டவளுக்கு, இன்றைக்கு ஒரு சொல் கேட்டால் போதும். அந்த ஒரு சொல்லைத் தன் வாயாலேயே மூழ்கடித்துக்கொண்டிருந்தாள்.

ஒருமுறை கடைக்கண்ணால் படகைப் பார்த்தாள். நினியன் எழுந்து நின்றிருந்தான். அவன் வலது கை எதையோ பிடித்து இழுத்துக்கொண்டு போவதுபோல் பக்கவாட்டில் நீண்டது. பூச்சியை விரட்டினானோ என்னவோ. அவள் கத்துவதை மறந்து அந்தக் கையையே பார்த்தாள்.

"என்ன, நின்னுட்ட?" என்று பெல்லா இன்னும் உரக்கக் கத்தினாள். "உங்க அம்மாவைப் பத்தி நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை."

படகு திரும்பியபோதுதான் சண்டை ஓய்ந்தது. ஓய்ந்தது என்றால், எல்லோரும் ஒரே சமயத்தில் உட்கார்ந்து கத்தியை எடுத்துக்கொண்டார்கள். பெரியவர்கள் இரண்டு பேரும் கரையேறிப் பெண்களைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார்கள். வேறு வழியில்லாமல் தொட்டதுபோல இருந்தது. நினியன் படகைக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் முதுகிலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

டஃப் மட்டும் பெட்டிகளின் பக்கம் வந்தார்.

"மிஸஸ் லோகி, உங்களுக்குச் சண்டை போட வேற நாள் கிடைக்கலையா?"

எஃபி எழுந்து நின்றாள். "தப்புதான் மிஸ்டர் டஃப்."

"நீங்க போட்ட சத்தத்துல பெரியவருக்கு அடுத்த கேள்வியே மறந்துபோச்சு. வாயைத் திறந்துட்டு நிக்கிறாரு. நினியன்தான் எடுத்துக் குடுத்தான்." டஃப் தலையை ஆட்டினார். "அவனுக்குத்தான் உங்க சத்தம் ஒண்ணும் கேக்கலையே. ஆரம்பத்துலேருந்து முடிவுவரை, ஒரு இடத்துல நிக்கணுமே! இப்படி ஒரு மனப்பாடத்தை நான் எந்தச் சபையிலயும் பாத்ததில்லை. நாளைக்குக் கையெழுத்து."

அவர் போய்விட்டார். எஃபி பெட்டியில் உட்கார்ந்தாள். கத்தியை எடுத்தாள். சிப்பியின் வாய் கண்ணுக்குத் தெரியவில்லை. மழுங்கலாக இருந்தது.

பெல்லா வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப அந்தக் கயிறு அவருக்கு ஞாபகம் வந்துருச்சு," என்றாள் பெல்லா, கையிலிருந்த வேலையைப் பார்த்தபடி.

எஃபியின் கை நின்றது.

"பத்துப் பன்னெண்டு நாளா எங்களுக்கும் உயிரு போச்சு. தினமும் அங்கேயே வந்து நிக்கிறாரு. இவ ஒருநாள் எழுந்து கத்தியே சொல்லிடுறேன்னா." பெல்லா பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் காட்டினாள். "நான்தான் வாயைப் பொத்தினேன்."

எஃபி வரிசையைப் பார்த்தாள். ஏழு தலைகளும் குனிந்தே இருந்தன.

"எவ்வளவு நாளா?"

"அவருக்குக் காது போனதுலேருந்து. நாங்க பாறைக்கு அந்தப் பக்கம் சிப்பி பொறுக்கத் தண்ணி வடியறதுக்குக் காத்திருக்குற நேரம் அது. ஆம்பிளைங்க கடல்ல இருப்பாங்க."

"யார்கிட்டயாவது..."

"யார்கிட்ட சொல்றது? அந்த மனுஷன் அவ்வளவு பெரிய சத்தியம் பண்ணியிருக்காரு. அதை ஒடைக்கறதுக்கு நாங்க யாரு?" பெல்லா ஒரு சிப்பியைப் பிளந்து சதையை வழித்துப் போட்டாள். "ரொட்டிக்கல்லு மட்டும் என்னாலதான் ஒடஞ்சுது. அதை அப்பவே சொல்லியிருக்கணும்."

எஃபி தன் பெட்டியைப் பெல்லாவின் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

மாலையில் நினியன் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அடுப்பருகே உட்கார்ந்தான். அவள் அவனுடைய வலது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பூனை இருவருக்கும் நடுவில் படுத்திருந்தது.

"கரையில சண்டையாமே," என்றான். "டஃப் சொன்னான். நான் திரும்பிக்கூடப் பாக்கல."

"ரொட்டிக்கல்லு விஷயம்."

"அது பழைய கதையாச்சே." அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினான். "ஏழு பேரு ஆயிட்டோம்."

"சந்தோஷம்."

"எனக்குக் கதவைக் குடுத்திருக்காங்க. கூட்டம் நடக்குறப்போ வெளியே கதவுக்கிட்ட வாளைப் புடிச்சுட்டு நிக்கணும். வேண்டாத ஆளு கிட்ட வராம."

அவள் அவனைப் பார்த்தாள். உள்ளே ஓர் இடம் கிடைக்கும் என்று எவ்வளவு நாள் நினைத்திருந்தான்! "காது கேக்காத ஆளையா காவல் வைக்கிறாங்க?"

"உள்ளே பேசறது வெளியே இருக்கறவனுக்குக் கேக்கக்கூடாதுல்ல? அதுக்கு என்னை விட்டா யாரு?" என்று சொல்லி அவன் சிரித்தான். அவன் சிரித்து நாளாயிற்று. "டஃப்தான் சொன்னான், அது சாமானிய வேலை இல்லையாம். எல்லாரையும் எனக்குத் தெரியும். யாரு உள்ளே போகணும், யாரு போகக்கூடாதுன்னு இந்த ஊர்ல முகம் தெரிஞ்ச ஆளு நான்தானாம். ஒவ்வொருத்தனும் என்கிட்ட நின்னு கை குடுத்துட்டுத்தான் உள்ளே போகணும்."

எஃபி எழுந்து கஞ்சிக் கலயத்தை அடுப்பில் ஏற்றினாள். உப்பைப் போட்டாள். கலயத்தைக் கிண்டிக்கொண்டே, திரும்பாமல், உரக்கச் சொன்னாள்.

"இனிமே காலையில ஆத்துல வாயை மூடிக்கிட்டுப் போ. பனியில தொண்டை கட்டிக்கும்."

அவனுக்குக் கேட்கவில்லை என்று நினைத்து அவள் திரும்பினாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி," என்றான். "இனிமே அது தேவையில்லை."

அவன் பார்த்த பார்வையில் வேறு ஏதாவது இருந்ததா என்று அவள் யோசித்துப் பார்க்கவில்லை. கிண்ணங்களை எடுத்து வைத்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காற்று இல்லை. நினியன் ஐந்தரை மணிக்குத் தபால் பைக்காக அக்கரை போனான். துடுப்பின் சத்தம் மட்டும் வந்தது. பள்ளிக்கூடத்தில் மாலை நான்கு மணிக்கு மனுவில் ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அவனுடையது கடைசி. அதற்காகப் படகு அரைமணி நேரம் கட்டிக் கிடந்தது. அக்கரையில் இரண்டு பேர் காத்திருந்து கூப்பிட்டார்கள். மொத்தம் பதினொரு தடவை ஆறு கடந்தான். பெல்லா ரெய்டு தன்னுடைய ரொட்டிக்கல்லைக் கொண்டுவந்து எஃபியின் வாசலில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். எஃபி அதில் ரொட்டி சுட்டுப் பாதியை அவளுக்குக் கொடுத்தனுப்பினாள். கோஸ் பாத்தியில் மூன்று நாற்று வாடியிருந்தது. அவற்றைப் பிடுங்கிவிட்டு வேறு நட்டாள். பிறகு முளையைப் பிடுங்கி, கயிற்றைச் சுற்றி, கொட்டகையில் பழைய இடத்தில் வைத்தாள்.